மிளகாய் நாற்றில் கொழுந்து சுருண்டு மடங்குகிறது, எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காவிரிக்கரை மாடி

வணக்கம். திருச்சியில் மொட்டை மாடியில் கொஞ்சம் செடி வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் மூன்று வருடமாக ஓரளவு வருகிறது. இந்தத் தடவை அம்மா ஊரிலிருந்து (முதுகுளத்தூர் பக்கம்) குண்டு மிளகாய் விதை கொண்டு வந்தேன். அம்மா தன் கையால் நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிக் காயவைத்து எடுத்த விதை. அவருக்கு இப்போது காட்டுக்குப் போக முடியவில்லை, இனிமேல் விதை எடுப்பாரா என்பதும் தெரியாது, அதனால்தான் இவ்வளவு பதற்றமாக எழுதுகிறேன்.

பொங்கல் வாரத்தில் 98 குழி தட்டில் போட்டேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. நான்கு இலை வந்ததும் அதில் நன்றாக இருந்த 30 நாற்றை மட்டும் சின்னக் கப்புகளுக்கு மாற்றினேன். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் கலந்த கலவை. காலையும் மாலையும் தண்ணீர். பாதிக் கப்புகள் மேற்குச் சுவரை ஒட்டி வெயிலில் இருக்கின்றன, மீதி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பச்சை நிழல்வலைக்குக் கீழே.

போன வாரம் முதல் இலைகள் சுருள ஆரம்பித்தன. முதலில் இரண்டு மூன்று செடிதான், இப்போது பாதிக்கு மேல். சிலவற்றில் இலை மேல்பக்கமாக மடிகிறது, சிலவற்றில் கீழ்ப்பக்கமாக. கொழுந்து சின்னதாகவும் கெட்டியாகவும் வருகிறது, தொட்டால் தோல் மாதிரி இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஒருவர் சொன்னதால் முட்டை ஓட்டுப் பொடி போட்டேன். நான்கு நாளைக்கு முன்னால் வேப்பெண்ணெய் ஒரு மூடி ஊற்றிக் கலக்கி அடித்தேன், காலை பதினொரு மணி இருக்கும். மறுநாள் சில இலைகளில் பழுப்புப் புள்ளி வேறு வந்துவிட்டது. இப்போது எது நோய், எது நான் செய்தது என்றே தெரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பச்சைமிளகாய்

அக்கா, இது சுருட்டை வைரஸ். சேலத்தில் எங்கள் வீட்டிலும் போன வருடம் இப்படித்தான் வந்தது, ஒரு செடியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இதற்கு மருந்தே கிடையாது. மற்ற செடிக்குப் பரவுவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டு வேறு விதை போடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நாளைத் தள்ளினால் கத்தரிக்கும் தக்காளிக்கும் போய்விடும்.

குழித்தட்டு

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெண்ணுக்கு இருப்பது முப்பது நாற்று. அதைப் பார்க்காமலே பிடுங்கச் சொல்ல வேண்டாம்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன், மிளகாயும் தக்காளியும்தான் பெரும்பாலும். இலை சுருளுவது ஒரு நோயின் பெயர் இல்லை அம்மா. காய்ச்சல் மாதிரி, பத்துக் காரணத்துக்கு வரும். எங்கள் பண்ணைக்கு வாரம் ஒருவராவது கையில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து என்ன மருந்து என்று கேட்கிறார். இலையை மட்டும் பார்த்து நான் மருந்து சொல்வதில்லை, செடியோடு கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் முதல் கேள்வியே எந்த இலை என்பதுதான். அடி இலையில் ஆரம்பித்ததா, கொழுந்தில் ஆரம்பித்ததா? அடி இலை மஞ்சளாகித் தொங்கி, கொழுந்து நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீர் விஷயம், வேரில் காற்றுப் போகவில்லை. கொழுந்து மட்டும் கெட்டு அடி இலை பச்சையாக நன்றாக இருந்தால் உறிஞ்சுகிற பூச்சியோ சிலந்தியோ (வீட்டில் வலை பின்னுகிறது இல்லை, செடியின் சாற்றை உறிஞ்சுகிற மிகச் சின்னச் சிலந்தி இனம்) வைரஸோ. இதை நீங்கள் எழுதவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது எந்தப் பக்கம் சுருள்கிறது என்பது. விளிம்பு இரண்டும் மேலே எழும்பி இலை படகு மாதிரி ஆனால் இலைப்பேன் மேல் முதல் சந்தேகம். அது இலையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும், அதனால் நடு நரம்பை ஒட்டி வெள்ளி பூசினது போல மினுக்கும், அப்புறம் பழுப்பாகும், இலை சுருக்கம் விழும். விளிம்பு கீழே இறங்கிப் படகைக் கவிழ்த்தது போல இருந்தால் மஞ்சள் சிலந்தி, பழைய ஆட்கள் முரணை என்பார்களே, அது. முரணையில் இன்னொரு அடையாளம் உண்டு, அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இலை குறுகும், ஆனால் காம்பு நீளும். எலி வால் மாதிரி நீண்ட காம்பின் நுனியில் ஒடுங்கிய இலை நிற்கும். அடிப்பக்கம் கொஞ்சம் வெண்கல நிறமாகி, தொட்டால் விறைப்பாக இருக்கும். நீங்கள் தோல் மாதிரி என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. ஆனால் நினைப்பை வைத்து மருந்து அடிக்கக் கூடாது.

அசுவினி வந்தாலும் கீழே சுருளும். அது கண்ணுக்கே தெரியும், கூட்டமாக இருக்கும், இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். தம்பி சொன்ன வைரஸ் வெள்ளை ஈ மூலமாக வருவது. அதில் இலை சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, நரம்புக்கு இடையில் மஞ்சள் ஓடி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து செடி குத்துச்செடி மாதிரி நின்றுவிடும். செடியைத் தட்டினால் வெள்ளைத் தூசி பறப்பது போல ஈ கிளம்புகிறதா பாருங்கள்.

இதெல்லாம் போக வெயில் சுருட்டல் என்று ஒன்று உண்டு. மேற்குச் சுவர் மாலை வரை சூட்டைக் கக்கும். அதை ஒட்டி இருக்கிற நாற்று மதியம் இலையை மேலே மடித்துக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகாமல் காத்துக்கொள்வதற்கு. சாயங்காலம் ஆறரைக்கு மேல் போய்ப் பாருங்கள், விடிகாலை ஒரு தடவை பாருங்கள். விரிந்திருந்தால் அது நோயே இல்லை.

நாளைக்கு இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்து விரலால் நான்கைந்து தட்டுத் தட்டுங்கள். இலைப்பேன் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சளாக, சின்னக் கீற்று மாதிரி ஊரும். கறுப்பாகவும் வரலாம். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளை அழித்த கருப்பு இலைப்பேன் இப்போது நம் பக்கமும் இருக்கிறது, அது இலையை விடப் பூவில்தான் அதிகம் உட்காரும், நாற்றில் குறைவு. தாளில் ஒன்றும் விழவில்லை என்றால் லென்ஸ் வேண்டும். முரணைச் சிலந்தி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. நகைக்கடையில் கண்ணில் மாட்டிப் பார்ப்பார்களே, அந்த பத்து மடங்கு லென்ஸ் போதும், இருபது மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. விரிந்த இலையில் தேடாதீர்கள், இன்னும் விரியாத குருத்தின் அடிப்பக்கம் பாருங்கள்.

பார்த்து எழுதும் வரை எதுவும் அடிக்க வேண்டாம். முட்டை ஓட்டுப் பொடியால் கெடுதல் இல்லை, ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்த நாற்றுக்கு இப்போது உதவாது.

காவிரிக்கரை மாடி

ஐயா, ரொம்ப நன்றி. நேற்று மாலையும் இன்று காலையும் உட்கார்ந்து ஒவ்வொரு கப்பாகப் பார்த்தேன். தெருமுனையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவரிடம் லென்ஸ் இரவல் வாங்கினேன்.

முதலில் சுவர் ஓரத்துச் செடிகள். நீங்கள் சொன்னது அப்படியே சரி. மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் மேலே மடிந்து நின்றன. ஆறே முக்காலுக்குப் போனபோது பதினான்கில் பன்னிரண்டு விரிந்திருந்தன. விடிகாலையில் அவை பளிச்சென்று இருந்தன, அதில் நோய் இருந்ததாகவே தெரியவில்லை. இவ்வளவு நாள் நான் மதியம் துணி எடுக்கப் போகும்போது மட்டும் பார்த்துவிட்டுப் பயந்திருக்கிறேன்.

நிழல்வலைக்குக் கீழே இருக்கிற பதினாறுதான் பிரச்சினை. அவற்றில் அடி இலை பச்சையாக நன்றாக இருக்கிறது, மேலே இரண்டு அடுக்குதான் கெட்டிருக்கிறது. எல்லாம் கீழ்ப்பக்கம்தான் மடங்கியிருக்கிறது. காம்பு நீளம் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் கவனித்தேன், இலை என் சுண்டுவிரல் நகம் அளவு, காம்பு அதைவிட நீளம். வெள்ளைத் தாளில் தட்டியதில் மொத்தமே இரண்டு இலைப்பேன்தான் விழுந்தது. வெள்ளை ஈ ஒன்றும் கிளம்பவில்லை.

அப்புறம் லென்ஸ். முதலில் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு குருத்தைக் கிள்ளி மேசையில் வைத்து, வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரி திருப்பிய பிறகு தெரிந்தது. எண்ணெய்த்துளி போல வெளிறிய மஞ்சளில், உள்ளே வெளிச்சம் போகிற மாதிரி, நாலைந்து புள்ளிகள் நகர்ந்தன. ஒன்று இன்னொன்றை முதுகில் தூக்கிக்கொண்டு வேகமாக ஓடியது, அதைக் கண்ணால் பார்த்தேன். நரம்பின் ஓரத்தில் நீள்வட்டமாகக் கண்ணாடி மணிகள், ஒவ்வொரு மணியின் மேலும் வரிசையாக வெள்ளைப் பொட்டு வைத்தது போல. அவைதான் முட்டையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் போன வருடத்துப் பச்சைமிளகாய்ச் செடி ஒன்றை விட்டு வைத்திருந்தேன். காய்ப்பு நின்றுவிட்டது, கொழுந்தெல்லாம் குறுகிப் போயிருந்தது, வயதாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் உரம் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் குருத்தையும் லென்ஸில் பார்த்தேன். நாற்றில் இருப்பதை விட அதில் பல மடங்கு இருக்கிறது. நாற்றுக் கப்புகள் அதற்கு ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கின்றன.

குழித்தட்டு

அவைதான் முட்டை. வெள்ளைப் பொட்டு வைத்த முட்டை என்றால் முரணைச் சிலந்தி, வேறு சந்தேகம் வேண்டாம். முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியது ஆண். பெண்ணாகப் போகிற இளம் சிலந்தி அசையாமல் இருக்கிற பருவத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுக்கொழுந்தில் வைக்கும். ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போக இலை இலையைத் தொட்டால் போதும், உங்கள் கை பட்டாலும் போகும், வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டும் போகும். நிழலும் ஈரமும் அதற்குப் பிடித்த இடம். நீங்கள் வலைக்குக் கீழே இரண்டு வேளை தண்ணீர் தெளித்தது நாற்றுக்கு நல்லது என்று நினைத்துத்தான், தப்பில்லை. பழைய செடி பக்கத்தில் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது வரிசையாகச் சொல்கிறேன். முதல் வேலை அந்தப் பழைய செடி. அதை அங்கேயே உலுக்காமல், ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை மேலே கவிழ்த்து, பையோடு வெட்டி எடுத்து வாயைக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் நாற்றுப் பக்கம் போங்கள். இனிமேல் காலையில் செடி பார்க்கும்போது முதலில் சுவர் ஓரத்து நல்ல நாற்று, கடைசியில் நோய்ப்பட்ட நாற்று, இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பதினாறில் மோசமானது எவ்வளவு? கொழுந்தே கருகி நின்றுபோனதை எடுத்துவிடுங்கள். மற்றதில் கெட்ட நுனியைக் கிள்ளி அதையும் பையில் போடுங்கள், சிலந்தியில் பெரும்பகுதி அந்த நுனியில்தான் இருக்கிறது. பக்கக் கணுவிலிருந்து மிளகாய் துளிர்த்துவிடும், பயப்படாதீர்கள்.

மருந்துக்கு வருகிறேன். காட்டில் என்றால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு மூன்று கிராம் என்று சொல்வோம், முரணைக்கு அது நன்றாகக் கேட்கும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். இரண்டு காரணம். நீங்கள் வேப்பெண்ணெய் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எண்ணெய் அடித்த இலையில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை வெந்துவிடும். அப்புறம் திருச்சி வெயில். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று டிகிரிக்கு மேல் கந்தகம் தனியாகவே இளம் இலையைச் சுடும், மாசி பங்குனியில் உங்கள் மாடியில் பகல் சூடு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

அதனால் வேப்பெண்ணெயிலேயே தொடரலாம், முறையாகக் கலக்கினால் போதும். உங்களுக்குப் பழுப்புப் புள்ளி வந்தது எண்ணெய் பிரிந்து நின்று, பதினொரு மணி வெயிலில் சுட்டதால். ஒரு மூடி என்பது அளவே இல்லை. மருந்துக் கடையில் ஐந்து மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் காதி சோப்பு ஒரு சின்னத் துண்டைக் கரைத்து, அதில் மூன்று மில்லி வேப்பெண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை ஆற்றுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் சோப்பு போதவில்லை. வெளுத்த பிறகு ஒரு லிட்டராக்குங்கள். வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். ஒரே ஒரு செடியில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். இலையின் மேலே அடிப்பது வீண், கப்பை ஒரு கையில் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கமும் குருத்தும் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். எண்ணெய் படாத சிலந்திக்கு அது ஒன்றும் செய்யாது.

ஐந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை. இதில் தவறக் கூடாது. இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து பெரிய சிலந்தியாக ஐந்தாறு நாள்தான் ஆகிறது. முதல் தடவை தப்பிய முட்டை பொரித்து, அது முட்டை வைப்பதற்குள் இரண்டாவது விழ வேண்டும். ஒரு தடவை அடித்துவிட்டு கேட்கவில்லை என்று மருந்தை மாற்றுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கடைக்குப் போய் மிளகாய்ச் சுருட்டைக்கு மருந்து என்று கேட்டால் பூச்சி மருந்து எதையாவது கொடுத்துவிடுவார்கள். சிலந்தி பூச்சி இனமில்லை, எட்டுக் கால் உள்ளது, பூச்சிக்கான மருந்துகள் பல அதற்குக் கேட்காது. பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து அடித்தால் சிலந்தியைத் தின்கிற நல்ல சிலந்திகள் செத்து, இது இன்னும் பெருகும். போன வருடம் ஒரு விவசாயி அப்படி நான்கு தடவை அடித்துவிட்டு, கடைசியில் ஒரு ஏக்கர் நாற்றைக் கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார். ஒவ்வொரு தடவையும் முன்னை விட அதிகமானது என்று அவரே சொன்னார். எனக்கு அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்து நாளில் மனம் விட்டுவிடுவீர்கள். சுருண்ட இலை திரும்ப விரியாது. சிலந்தி செத்த பிறகும் அதன் எச்சில் நஞ்சு பட்ட குருத்து இன்னும் ஒரு வாரம் பத்து நாள் கோணலாகத்தான் வரும். அதற்குப் பிறகு வருகிற இலையைப் பாருங்கள்.

கரிசல்காடு

நான் கமுதி பக்கம். நம்ம ஊர் விதை என்று படித்ததும் எழுதத் தோன்றியது. குழித்தட்டு ஐயா எல்லாம் சொல்லிவிட்டார், நான் பருவம் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி.

குண்டு மிளகாய் மானாவாரிப் பயிர். புரட்டாசி கடைசி, ஐப்பசியில் கரிசலில் நேரடியாக விதைப்போம், நாற்று விட்டு நடுகிற பழக்கம் எங்களுக்குக் குறைவு. மழையோடு முளைத்து, மார்கழிப் பனியில் வளர்ந்து, தை மாசியில் பழம் எடுக்க ஆரம்பிப்போம். அது தன் பிஞ்சு வயதை மழையிலும் குளிரிலும் கழித்துப் பழகிய செடி. நீங்கள் தையில் விதைத்தீர்கள், அதனால் கொழுந்து விடுகிற நேரத்தில் வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறினால் இலைப்பேன் ஏறும். இந்தத் தடவை தாளில் இரண்டுதான் விழுந்தது என்றாலும் இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அதுவும் வரும், இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மாமனார் காலத்தில் மிளகாய் ஓரத்தில் அகத்தி போடுவார்கள், காற்றையும் சூட்டையும் தடுக்கும், இலைப்பேன் குறையும். மாடியில் அகத்தி முடியாவிட்டால் சுவருக்கும் கப்புக்கும் நடுவில் ஒரு பழைய கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள், சூடு குறையும். வெங்காயத் தொட்டி ஏதாவது வைத்திருந்தால் மிளகாய்க்குப் பக்கத்தில் வேண்டாம், வெங்காயத்திலும் இலைப்பேன் தங்கும்.

அம்மா கொடுத்த விதை மிச்சம் இருக்கிறதா? இருந்தால் முழுவதையும் இப்போது போட்டுவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலோடு இறுக மூடி வையுங்கள், புரட்டாசியில் போடலாம். 2023இல் நம் குண்டு மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். ஆனால் விதை நிற்பது இந்த மாதிரி வீடுகளில் யாரோ பொறுக்கி எடுத்து வைப்பதால்தான். அம்மாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பச்சைமிளகாய்

அக்கா, அவசரப்பட்டுப் பிடுங்கச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் செடிகளை இன்று பார்த்தேன். என்னிடம் இருக்கிற ஐந்தில் மூன்றுக்கு இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்புக்கு நடுவில் மஞ்சளாக, கணு நெருங்கிக் கொத்தாக இருக்கிறது. தட்டினால் வெள்ளை ஈ நன்றாகவே பறக்கிறது. தாளில் இலைப்பேன் இல்லை. லென்ஸ் இல்லை. இது என்ன ஐயா? போன வருடம் எனக்கு வந்ததும் இதே மாதிரிதான்.

குழித்தட்டு

தம்பி, நீங்கள் எழுதியபடி இருந்தால் உங்களுடையது வைரஸ்தான். அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள், ஆனால் ஈ பறக்காத விடிகாலையில், ஈரத்தோடு, மேலே பையைக் கவிழ்த்து எடுங்கள். பட்டப்பகலில் பிடுங்கினால் ஈ எழும்பி மற்ற இரண்டில் போய் உட்காரும். மஞ்சள் ஒட்டு அட்டை இரண்டு தொங்கவிடுங்கள், செடியின் உச்சிக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். இலைப்பேனுக்கு நீல அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள். அடுத்த தடவை விதைக்கும்போது முளைத்த நாளிலிருந்தே நாற்பது மெஷ் (அங்குலத்துக்கு நாற்பது கண் உள்ள) நைலான் வலைக்குள் நாற்றை வளர்த்துவிடுங்கள். பிஞ்சில் வைரஸ் ஏறினால் செடி காய்க்காது, பூ வந்த பிறகு ஏறினால் ஓரளவாவது காய் எடுக்கலாம். அதனால் முதல் நாற்பது நாளைக் காப்பாற்றுவதுதான் கணக்கு. பக்கத்தில் செம்பருத்தி, தக்காளி, கத்தரி, பூசணி இருந்தால் அவற்றின் இலையடியையும் பாருங்கள், ஈ அங்கேயும் குடியிருக்கும்.

காவிரிக்கரை மாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய செடியைப் பையோடு எடுத்தேன். பதினாறில் ஐந்து தேறாது என்று தெரிந்ததால் அவற்றையும் எடுத்துவிட்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை. மீதி பதினொன்றுக்கும் நுனி கிள்ளி, சிரிஞ்சில் அளந்து மூன்று தடவை அடித்தேன், பால் மாதிரி வெளுக்கிற வரை ஆற்றினேன், புள்ளி விழவில்லை. சுவருக்கு முன்னால் சாக்கு தொங்குகிறது, மதியம் மடிவதும் குறைந்துவிட்டது. தண்ணீரையும் ஒரு வேளையாக்கி, கப்பைக் கையில் தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால் மட்டும் ஊற்றுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே இரண்டாவது தடவை அடித்த பிறகும் கோணல் இலைதான் வந்தது. முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் அன்றைக்கே கடைக்குப் போயிருப்பேன். முந்தாநாள் காலையில் ஒரு செடியில், கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கணுவில், இரண்டு இலை வந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், தட்டையாக, விளிம்பு நேராக, நடு நரம்பு பச்சையாக, காம்பு குட்டையாக. இன்றைக்கு எண்ணினேன், பதினொன்றில் எட்டில் அப்படி வந்துவிட்டது. லென்ஸில் பார்த்ததில் ஏழு குருத்தில் ஒன்றுமில்லை, ஒன்றில் மட்டும் இரண்டு முட்டை மாதிரி இருந்தது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கரிசல்காடு அக்கா கேட்டதையும் சொன்னேன், கமுதியில் எந்த ஊர் என்று கேட்கச் சொன்னார். விதை இன்னும் ஒரு கைப்பிடி இருக்கிறது, சாம்பலோடு பாட்டிலில் போட்டுவிட்டேன்.

இரண்டு கேள்வி. அந்த முட்டை இருந்த செடிக்கு நான்காவது தடவை அடிக்கலாமா? சுவர் ஓரத்து நல்ல நாற்றுகளை எப்போது பெரிய பைக்கு மாற்றலாம்?

குழித்தட்டு

நல்லது அம்மா. அந்தச் செடியைத் தனியாகத் தள்ளி வைத்து, அதற்கு மட்டும் இன்னும் இரண்டு தடவை அடியுங்கள், மற்றதற்கு வேண்டாம். வாரம் ஒரு தடவை லென்ஸில் பார்ப்பதை விடாதீர்கள், ஒவ்வொரு செடியும் வேண்டாம், நாலைந்து குருத்துப் பார்த்தால் போதும்.

சுவர் ஓரத்து நாற்றை இந்த வாரமே மாற்றலாம், ஆனால் மாலையில் மாற்றி, இரண்டு நாள் நிழலில் வைத்து அப்புறம் இடத்தில் வையுங்கள். ஒரு பைக்கு ஒரு செடி, பன்னிரண்டு அங்குலப் பை போதும். நார்க்கழிவைச் சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து சேருங்கள், அலசாததில் உப்பு இருக்கும், அது இலை நுனியைக் கருக்கும், அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் நோய் என்று பயந்துவிடுவீர்கள். நோய்ப்பட்டு மீண்ட பதினொன்றையும் இன்னும் பதினைந்து நாள் கப்பிலேயே விடுங்கள். லென்ஸைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இனிமேல் அடிக்கடி தேவைப்படும்.

கரிசல்காடு

அம்மாவிடம் அபிராமம் போகிற வழியில் என்று சொல்லுங்கள் தங்கச்சி. புரட்டாசிக்குள் அந்த ஒரு கைப்பிடி விதைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எழுதுங்கள், எங்கள் வீட்டில் இந்த வருடப் பழத்தில் எடுத்தது இருக்கிறது, அனுப்புகிறேன்.